கடல் தாண்டிப் போன சொந்தத்தைப் போனில் தேடுவது



1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதன்பிறகு நம் லயங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறின. 1980களில் கப்பலும் நின்றது, பலருக்குக் கடிதமும் நின்றது. இன்று பிள்ளைகளின் போனில் தேடிப் பார்க்கிறோம். “அத்தை பேரைப் போட்டோம், ஒண்ணும் வரல்ல” என்கிறார்கள்.

கோளாறு பெரும்பாலும் எழுத்தில்தான். செல்லம்மா என்பதை ஆங்கிலத்தில் ‘எஸ்’ போட்டும் எழுதலாம், ‘சி, எச்’ போட்டும் எழுதலாம். தோட்டத்துக் கிளாக்கர் ஒருமாதிரி எழுதியிருப்பார், மண்டபம் முகாமில் வேறுமாதிரி பதிந்திருப்பார்கள். (நம் அடையாள அட்டையும் பிறப்புப் பத்திரமுமே எத்தனை வீட்டில் ஒத்துப்போகிறது?) ஆகவே எல்லா மாதிரியும் எழுதித் தேடணும், தமிழிலும் தேடணும். வயதான அத்தைக்குப் பேஸ்புக் இல்லாவிட்டாலும் பேரப்பிள்ளைக்கு இருக்கும். பேரோடு தோட்டத்தின் பேரையும், போன ஊரையும் சேருங்கள். நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர் பக்கம் நம்மவர்கள் நிறையப் பேர் குடியேறினார்கள்.

அப்படியே உங்கள் பேரையும் போன் நம்பரையும் கூகுளில் போட்டுப் பாருங்கள். பிள்ளைகள் விளையாட்டாகப் போட்ட அடையாள அட்டைப் படம் வெளியே கிடந்தால் உடனே எடுக்கச் சொல்லுங்கள். அதை வைத்து உங்கள் பேரில் வேறு ஆள் காரியம் பார்க்க முடியும்.

“நான்தான் அத்தை மகன்” என்று ஒருவர் எழுதினால் சந்தோஷம்தான். ஆனாலும் காசு கேட்டால் கொஞ்சம் பொறுங்கள். எந்த டிவிஷன், தாத்தா பேர் என்ன, பிள்ளைமடுவம் லயத்துக்கு எந்தப் பக்கம் என்று கேளுங்கள். பதிலை நாமே முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது.