வேலியே பயிரை மேய்ந்தால்...

வேலியே பயிரை மேய்வது என்னும் பழமொழியை நாம் உலகியலில் பலமுறை எடுத்தாளுகிறோம். அத்தகைய விபரீதம் நம் உடலினுள்ளும் நிகழ்வதுண்டு. சிறுவரையும் இளைஞரையும் பெரிதும் தாக்கும் முதல் வகை நீரிழிவு அதற்கோர் எடுத்துக்காட்டு.

இரைப்பையின் பின்னே அமைந்துள்ள கணையத்தில், இன்சுலினைச் சுரக்கும் பீட்டா உயிரணுக்கள் சிறுசிறு திட்டுகளில் உள்ளன. கிருமிகளை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்கள், இவற்றைப் பகையென மயங்கி அழித்துவிடுவதே இந்நோயின் மூலம். இன்சுலின் இன்றேல் இரத்தத்திலுள்ள சர்க்கரை உடலுக்குப் பயன்படுவதில்லை. 1965இல் பெல்ஜிய மருத்துவர் வில்லி கெப்ட்ஸ், நோய் தோன்றிய சிறிது காலத்திலேயே இறந்தோரின் கணையங்களை ஆராய்ந்து, அத்திட்டுகளில் வெள்ளணுக்கள் புகுந்திருக்கக் கண்டார். திட்டுகளைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் இருப்பதை 1974இல் லண்டனில் போட்டாசோ குழுவினர் வெளியிட்டனர்.

ஆகவே, நோய் திடீரெனத் தோன்றினும் அழிவு திடீரெனத் தொடங்கியதன்று. மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ அது ஓசையின்றி நடைபெறுகிறது. உயிரணுக்களில் பெரும்பகுதி அழிந்த பின்னரே வெளிப்படுகிறது. அதன்பின் நாம் தாமதிக்கலாகாது. தணியாத தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், உடல் மெலிவு, படுக்கையை நனைக்காதிருந்த பிள்ளை மீண்டும் நனைத்தல் ஆகியன முதல் அறிகுறிகள். வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, மயக்கம் ஆகியன பேராபத்தின் அறிகுறிகள். வெயிலின் கொடுமை என்றும் பூச்சித் தொல்லை என்றும் காலங்கடத்தாமல், அன்றே இரத்தத்தில் சர்க்கரையைச் சோதித்தறிய வேண்டும்.

இனிப்புக் கொடுத்துக் கெடுத்தாள் என்று தாயைப் பழிப்பது அறியாமை. இந்நோய் இனிப்பால் வருவதன்று. ஊசியை நிறுத்திவிட்டு வேறு மருந்து தேடுவதோ அதனினும் கொடிது. கனடாவின் டொராண்டோ நகரில் சாவின் விளிம்பிலிருந்த 14 வயதுச் சிறுவன் லெனார்ட் தாம்சனுக்கு, 1922 ஜனவரியில் இன்சுலின் செலுத்தப்பட்டது. மனிதருள் அம்மருந்தால் முதன்முதல் உயிர்பிழைத்த அவன், மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். இன்றோ, முறையாக ஊசி பெறுவோர் கல்வி கற்று, மணம் புரிந்து, முதுமையையும் காண்கின்றனர்.

2022இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டெப்லிசுமாப் என்னும் மருந்து, மயங்கிய வெள்ளணுக்களை அடக்கி, நோய் வெளிப்படுவதை ஏறத்தாழ இரண்டாண்டுகள் தள்ளிப்போடுகிறது. எனினும் முற்றாகத் தடுப்பதில்லை. வேலியைத் திருத்தும் வழி முழுமையாகக் கிட்டும்வரை, பிள்ளையின் தாகத்தைக் கவனிக்கும் பெற்றோரின் விழிப்பே உயிர்காக்கும் காவல்.