இரைப்பையைச் சுருக்கிய பிறகும் எடை ஏறுவது ஏன்?

ஸ்லீவ் அறுவை சிகிச்சையில் இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடும். பிறகு எப்படி எடை திரும்புகிறது?

மிஞ்சிய பை நாளடைவில் சற்று விரியும். ஆனால் பலரும் கவனிக்காதது தசை இழப்பு. வேகமாக இளைக்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. சும்மா இருக்கும்போது உடல் எரிக்கும் கலோரியும் குறைகிறது. அதனால்தான் தினமும் 60 கிராமுக்குக் குறையாத புரதம், நடைப்பயிற்சியோடு கொஞ்சம் பளு தூக்கல் என்கிறார்கள்.

இன்னொன்று: நான்கு இட்லிக்கு இடமில்லாத வயிறு மில்க் ஷேக்கைத் தடுக்காது. திரவம் தங்காமல் வழுக்கிக் குடலுக்குப் போய்விடும், கலோரியோ அப்படியே சேரும்.

குளிர்பானத்தை விடுங்கள். சாப்பிட்டு அரை மணி கழித்துத் தண்ணீர் குடியுங்கள். அறுவைக்குப் பின் தரும் பி12 மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.