பத்து பவுண்டு டிராம்

பினாங்கில் பினாங்கு ரோடும் லெபு சூலியாவும் சந்திக்கும் இடத்தருகே சாலையில் ஒரு துண்டுத் தண்டவாளம் தெரியும். ரயில் தண்டவாளம் போல எழும்பி நிற்காது. தரையோடு தரையாகப் பதிந்து கிடக்கும். அதன் ஓரமாக ஒரு விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம் ஓடும். டிராம் சக்கரத்தின் விளிம்பு உருண்ட வழி அது. நான் குனிந்து பார்த்தபோது பள்ளத்தில் மணலும் ஒரு சோடா மூடியும் அடைத்துக் கிடந்தன. மூடியை எடுத்துப் போட்டேன். இரும்பு இன்னும் வழவழவென்றுதான் இருந்தது.

உறவுக்காரர் கல்யாணத்துக்காக நீலாயில் கொம்யூட்டர் ஏறி, கேஎல் சென்ட்ரலில் மாறி, பட்டர்வொர்த்தில் ஃபெரி பிடித்துப் போனவன் நான். திரும்பி வரும்போது மனம் முழுக்க அந்தத் தண்டவாளம்தான்.

பினாங்கில் 1880களிலேயே நீராவி டிராம் ஓடியது. 1906இல் மின்சார டிராம் வந்தது. கப்பல் துறையில் இறங்கியவர்கள் ஆயர் ஈத்தாம் வரை அதில் போகலாம். 1925 முதல் டிராலிபஸ்கள் வரத் தொடங்கின. 1936இல் டிராம் நின்றது. 1961இல் டிராலிபஸ்ஸும் போயிற்று. இந்த வரலாறு நமக்கு இவ்வளவு தெளிவாகக் கிடைப்பதற்கு ரிக் பிரான்சிஸ், காலின் கேன்லி என்ற இருவரின் ஆர்வமே பெரிய காரணம். பழைய படங்களையும் பதிவுகளையும் தேடிச் சேர்த்து 2006இல் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். வண்டி போனபின் கதையையாவது காப்பாற்றினார்கள். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் வண்டியையே காப்பாற்றிய ஊர்களும் உண்டு. 1948இல் இங்கிலாந்தின் சவுதாம்டன் நகரில் டிராம்களை ஒழித்துக்கொண்டிருந்தார்கள். ஆர்வலர் சிலர் சேர்ந்து 45ஆம் எண் வண்டியைப் பத்து பவுண்டுக்கு வாங்கிவிட்டார்கள். நிறுத்த இடமில்லை, ஓட்டத் தண்டவாளமில்லை. இடம் இடமாக அதை இழுத்துக்கொண்டு திரிந்தார்கள். 1955இல் அவர்களுக்கென்று ஒரு டிராம் அருங்காட்சியகச் சங்கம் பிறந்தது. 1959இல் டெர்பிஷைரில் கிரிச் என்ற ஊரில் கைவிடப்பட்ட ஒரு கல்லுடைப்புக் குவாரி கிடைத்தது. வார இறுதிகளில் வந்து அவர்களே தண்டவாளம் போட்டார்கள். இன்று அது பிரிட்டனின் தேசிய டிராம் அருங்காட்சியகம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலும் இதே கதைதான். 1939இல் இளைஞர்கள் சிலர் 150 டாலருக்கு வாங்கிய 31ஆம் எண் டிராமிலிருந்து ஒரு பெரிய அருங்காட்சியகமே வளர்ந்தது. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 1954இல் நின்றுபோன டிராம், தன்னார்வலர்கள் பழுதுபார்த்து வைத்திருந்த வண்டிகளால் 1995இல் மறுபடி நகருக்குள் ஓடியது.

இந்த வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கழித்துவிடப்பட்ட டிராம்களின் சக்கரமும் மோட்டாரும் பழைய இரும்புக்குப் போய்விடும். மரக்கூண்டை மட்டும் யாராவது விலைக்கு வாங்கித் தோட்டத்துக் குடிசையாகவோ கோழிக்கூண்டாகவோ வைத்துக்கொள்வார்கள். ஐம்பது வருடம் கழித்து ஒருவர் அதைக் கண்டுபிடிக்கிறார். உளுத்த மரத்தை எடுத்துவிட்டு அதே அளவில் புது மரம் இழைக்க வேண்டும். வண்ணத்தை ஒவ்வொரு பூச்சாகச் சுரண்டி, அடியில் ஒளிந்திருக்கும் முதல் நிறத்தைக் கண்டறிய வேண்டும். சக்கரத்துக்கு வேறு நாட்டில் அலைய வேண்டும். அங்கே தண்டவாள அகலம் வேறாக இருந்தால் அச்சையும் மாற்ற வேண்டும். ஒரு வண்டிக்கே பல வருடம் பிடிக்கும். சம்பளம் கிடையாது. செய்கிறவர்களில் ஓய்வுபெற்ற தச்சரும் இருப்பார், பள்ளி ஆசிரியரும் இருப்பார்.

நம் பக்கத்தில் இதைவிட அவசரமான போராட்டம் கல்கத்தாவில் நடக்கிறது. அங்கே 1873இல் குதிரை டிராம் வந்தது. 1902 முதல் மின்சார டிராம். ஒரு காலத்தில் நகரெங்கும் ஓடியது இன்று விரல்விட்டு எண்ணும் வழித்தடங்களாகச் சுருங்கிவிட்டது. இதைத் தடுக்கத்தான் கல்கத்தா டிராம் பயணிகள் சங்கம் 2016 முதல் நிற்கிறது. வழக்கு, மனு, ஊர்வலம் என்று ஓயாமல் முயல்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் டிராம்காரர்களோடு 1996இல் தொடங்கிய ‘டிராம்ஜாத்ரா’ என்ற திருவிழாவும் நடக்கிறது. அலங்கரித்த டிராமில் பாட்டும் படமுமாக ஊரைச் சுற்றி வருகிறார்கள். 2024இல் மாநில அரசு, எஸ்பிளனேடிலிருந்து மைதானம் வரை ஒரு பாரம்பரியத் தடம் மட்டும் இருக்கும், மற்றவை நிறுத்தப்படும் என்று அறிவித்தது. வழக்கு உயர் நீதிமன்றத்தில் இருந்தது. தலைமை நீதிபதியாக இருந்த நம் தமிழர் டி.எஸ். சிவஞானம் தலைமையிலான அமர்வு, தண்டவாளத்தைத் தார்போட்டு மூடுவதை நிறுத்தச் சொன்னது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு லெபு சூலியா தண்டவாளமே கண்முன் வந்தது. மூடிவிட்டால் பிறகு தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

சென்னைக்கு அந்த வாய்ப்பு எப்போதோ போய்விட்டது. 1895 மே 7ஆம் தேதி இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் ஓடியது மதராஸில்தான். முதலில் மின்கம்பியைத் தரைக்கடியில் கால்வாய் வெட்டிப் பதித்தார்கள். மழை வெள்ளம் புகுந்ததால் பிறகு தலைக்கு மேலே இழுத்தார்கள். 1953 ஏப்ரலில் கம்பெனி நொடித்து டிராம் நின்றது. நம் தாத்தா பாட்டிகளில் எத்தனையோ பேர் கப்பலேறுவதற்கு முன் அதை வாய் பிளந்து பார்த்திருப்பார்கள். மதராஸில் அப்போது பத்து பவுண்டோடு முன்வர ஒரு கூட்டம் இல்லை.

இதையெல்லாம் நீலாயில் உட்கார்ந்து ஏன் எழுதுகிறேன்? சுற்றிலும் பாருங்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது; செம்பனை போய் வீடமைப்பு வந்தது. லயங்கள் இடிந்தன. ரப்பர் ஷீட் பிழிந்த கைமெஷின், காண்டா கட்டை, பால் வாளி, மங்கு, பெரட்டுக்கு அடித்த மணி எல்லாம் பழைய இரும்புக்காரரின் லாரியில் ஏறிக்கொண்டே இருக்கின்றன. சவுதாம்டன் டிராமும் அன்று இப்படித்தான் பழைய இரும்பாகத் தெரிந்தது. பினாங்கில் கொடிமலை ரயிலின் 1923ஆம் ஆண்டுப் பெட்டியைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்க்கிறார்கள். நம் தோட்டத்துக்கு அப்படித் தொட்டுப் பார்க்க என்ன மிச்சம் இருக்கிறது?

நீலாய், லாபு, பத்தாங் பெனார் பக்கம் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பின்கட்டில் பால்வெட்டு உளியோ வாளியோ மங்கோ இருந்தால் விற்றுவிடாதீர்கள். அதை யார் பிடித்தார்கள், எந்தத் தோட்டத்தில், எந்த வருடம் என்று ஒரு தாளில் எழுதி அதோடு கட்டி வையுங்கள். பாட்டிக்கு நினைவு இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். கோயில் மண்டபத்தில் ஓர் அலமாரி ஒதுக்கினால் போதும், அங்கிருந்து தொடங்கலாம்.