பெரிய டயர் போடலாமா? பழைய ரிம் சொல்லும் பதில்

செம்பனைத் தோட்டத்து மண் சாலையில் ஓடும் ஹைலக்ஸ் முதல், வார இறுதியில் மட்டும் காட்டுப் பாதையைப் பார்க்கும் ஜிம்னி வரை, நான்கு சக்கர இயக்க வாகனம் வைத்திருக்கும் பலருக்கும் ஓர் ஆசை உண்டு. வண்டியோடு வந்த டயரைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரிய, முரட்டுப் பற்கள் கொண்ட டயரை மாட்ட வேண்டும் என்பதே அந்த ஆசை. மழைக்காலத்தில் சேற்றில் ஒருமுறை சிக்கி வெளியே வந்தவர்களுக்கு இந்த எண்ணம் இன்னும் வேகமாக வரும்.

ரிம்மையும் சேர்த்து மாற்றினால் செலவு கூடும். அதனால் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி இதுதான்: "தொழிற்சாலையிலிருந்து வந்த ரிம்மை அப்படியே வைத்துக்கொண்டு டயரை மட்டும் பெரிதாக்க முடியுமா?" முடியும். ஆனால், எவ்வளவு பெரிதாக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. அந்த எல்லையைத் தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போனால் பணம் வீணாவதோடு போகாது. பிரேக் மிதிக்கும் நேரத்தில் உயிருக்கும் ஆபத்தாக முடியலாம்.

எண்கள் சொல்லும் செய்தி

டயரின் பக்கவாட்டில் 265/65 ஆர் 17 என்று அச்சிட்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். ஹைலக்ஸ் உட்படப் பல பிக்கப் வண்டிகளில் காணப்படும் அளவு இது. முதல் எண்ணான 265 டயரின் அகலத்தை மில்லிமீட்டரில் குறிக்கிறது. இரண்டாவது எண்ணான 65 பக்கச் சுவரின் உயரம். அதாவது அகலத்தில் 65 விழுக்காடு. 'ஆர்' என்பது ரேடியல் வகை டயரைக் குறிக்கும் எழுத்து. கடைசி எண்ணான 17 ரிம்மின் விட்டத்தை அங்குலத்தில் சொல்கிறது.

இந்த மூன்று எண்களைக் கொண்டு டயரின் முழு உயரத்தையும் யாரும் கணக்கிட்டுவிடலாம். 265இல் 65 விழுக்காடு 172.25 மில்லிமீட்டர். மேலும் கீழும் சேர்த்து 344.5. அதோடு 17 அங்குலத்துக்குரிய 431.8 மில்லிமீட்டரைக் கூட்டினால் 776.3 மில்லிமீட்டர் வரும்.

இதே ரிம்மில் ஒரு படி மேலே போக நினைப்பவர்கள் 265/70 ஆர் 17 போடுகிறார்கள். அதன் உயரம் 802.8 மில்லிமீட்டர், அசல் டயரைவிட 3.4 விழுக்காடு அதிகம். இன்னும் மேலே போகிறவர்கள் 285/70 ஆர் 17 போடுகிறார்கள். அதன் உயரம் 830.8 மில்லிமீட்டர், 7 விழுக்காடு அதிகம்.

வண்டி உயரும் அளவு பாதிதான்

டயர் 54 மில்லிமீட்டர் பெரிதானால் வண்டியும் 54 மில்லிமீட்டர் உயரும் என்று நினைப்பது தவறு. அச்சு டயரின் நடுவில் இருப்பதால் கூடிய உயரத்தில் பாதிதான் வண்டிக்குக் கிடைக்கும். 285/70 போட்டால் வண்டி உயர்வது ஏறக்குறைய 27 மில்லிமீட்டர். 265/70 போட்டால் 13 மில்லிமீட்டர் மட்டுமே.

சிறிய அளவாகத் தெரிந்தாலும் இதற்கு ஒரு மதிப்பு உண்டு. பின் அச்சின் நடுவில் தொங்கும் டிஃபரென்ஷியல் பெட்டியை உயர்த்தக்கூடியது டயர் மட்டும்தான். சஸ்பென்ஷனை இரண்டு அங்குலம் தூக்கினாலும் உடல்தான் மேலே போகும். அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். நடுவில் மேடிட்ட லோரித் தடங்களில் ஓட்டுகிறவர்கள் பெரிய டயரைத் தேடுவதற்கு இதுவே நியாயமான காரணம்.

ரிம்மின் அகலம் முக்கியம்

டயர் வாங்கும்போது எல்லோரும் ரிம்மின் விட்டத்தைப் பார்க்கிறார்கள். அகலத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. 17 அங்குல ரிம்மில் எந்த 17 அங்குல டயரும் ஏறிவிடும் என்பது உண்மையல்ல. ஒவ்வொரு டயருக்கும் அதை ஏற்கக்கூடிய ரிம் அகலம் இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்று தயாரிப்பாளர்கள் பட்டியலில் குறித்திருப்பார்கள்.

ஹைலக்ஸ் வண்டியின் 17 அங்குல ரிம் 7.5 அங்குல அகலம் கொண்டது. 265/70 டயருக்கு வழக்கமாக அனுமதிக்கப்படும் அகலம் 7 முதல் 9 அங்குலம் வரை. எனவே அது வசதியாக உட்காரும். 285/70 டயருக்கு 7.5 அங்குலம்தான் கீழ் எல்லை. போடலாம், ஆனால் எல்லையின் விளிம்பில் நிற்கிறோம் என்பதை அறிந்துகொண்டு போட வேண்டும்.

ஜிம்னியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 2018இல் வெளிவந்த புதிய தலைமுறை ஜிம்னியின் அளவு 195/80 ஆர் 15. அதன் ரிம் அகலம் 5.5 அங்குலம். 215/75 ஆர் 15 டயர் இந்த ரிம்முக்குப் பொருந்தும். பலர் விரும்பிப் போடும் 235/75 ஆர் 15 டயருக்கோ பல நிறுவனங்களின் பட்டியல் 6 அங்குலத்திலிருந்துதான் தொடங்குகிறது. "எல்லாரும் போடுகிறார்கள்" என்பது அந்தப் பட்டியலுக்குப் பதில் ஆகாது.

குறுகிய ரிம்மில் அகலமான டயரை ஏற்றினால் பக்கச் சுவர்கள் பலூன் போல் புடைக்கும். தரையில் படும் பகுதியின் நடுப்பாகம் வளைந்து முன்னுக்கு வரும். விளைவாக நடுப்பகுதி மட்டும் விரைவில் தேயும். வளைவுகளில் ஸ்டியரிங் திருப்பியதற்கும் வண்டி திரும்புவதற்கும் இடையே ஒரு மந்தம் தெரியும்.

எங்கே உரசும்?

ரிம்மை மாற்றாமல் 20 மில்லிமீட்டர் அகலமான டயரைப் போட்டால் அது உள்பக்கம் 10, வெளிப்பக்கம் 10 எனப் பிரிந்து வளரும். உள்பக்கம் வளர்ந்த பகுதி சஸ்பென்ஷன் பாகங்களை நெருங்கும். உயரத்தால் வளர்ந்த பகுதி முன் மட்கார்டின் பின்விளிம்பை நெருங்கும். பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் 285/70 டயர் உரசுவது இந்தப் பின்விளிம்பில்தான். ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி வண்டியைப் பின்னோக்கி எடுக்கும்போது அந்தச் சத்தம் முதலில் கேட்கும்.

கடையில் வண்டி நேராக நிற்கும்போது எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஆகவே புதிய டயர் போட்டவுடன் வாகனமோட்டி மூன்று சோதனைகளைச் செய்ய வேண்டும். ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசி வரை திருப்பி முன்னும் பின்னும் ஓட்டிப் பார்ப்பது முதலாவது. ஒரு முன் சக்கரத்தை மேட்டில் ஏற்றி, சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையில் திருப்பிப் பார்ப்பது இரண்டாவது. வழக்கமாக ஏற்றும் ஆட்களையும் சரக்கையும் ஏற்றி, மேடு பள்ளத்தில் ஓட்டிப் பார்ப்பது மூன்றாவது. பிரேக் குழாயோ ஏபிஎஸ் கம்பியோ டயருக்கு அருகில் வந்தால் அந்த அளவைக் கைவிடுவதே அறிவுடைமை.

உரசலைத் தவிர்க்கச் சிலர் ரிம்முக்கும் அச்சுக்கும் இடையே ஸ்பேசர் தகடு வைக்கிறார்கள். அது டயரை வெளியே தள்ளும். உள்பக்க உரசல் நிற்கும். ஆனால் சக்கரம் வெளியே போகப் போக பேரிங்கின் மேல் விழும் சுமை கூடும். திரும்பும்போது டயர் சுழலும் வட்டமும் பெரிதாகி, மட்கார்டில் புதிதாக உரசத் தொடங்கும்.

மீட்டர் காட்டும் வேகம் உண்மையா?

சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதைக் கொண்டுதான் வேகமானி கணக்கிடுகிறது. பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும்; மீட்டருக்கு அது தெரியாது. 285/70 போட்ட வண்டியில் முள் 110 காட்டினால், கணக்குப்படி வேகம் கிட்டத்தட்ட 118 கிலோமீட்டர்.

தொழிற்சாலை வேகமானிகள் பொதுவாக உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும்படி அமைக்கப்பட்டவை. அதனால் 3.4 விழுக்காடு வித்தியாசம் பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். 7 விழுக்காடு அப்படி அடங்கும் என்று நம்ப முடியாது. ஜிபிஎஸ் கருவியையோ கைத்தொலைபேசியையோ வைத்து ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. நெடுஞ்சாலைக் கேமரா மீட்டரைப் பார்த்துச் சம்மன் அனுப்புவதில்லை.

தூரக் கணக்கும் இப்படித்தான். மீட்டரில் 10,000 கிலோமீட்டர் ஓடியதாகக் காட்டும்போது வண்டி உண்மையில் 10,700 ஓடியிருக்கும். எண்ணெய் மாற்றும் நாளும் தள்ளிப்போகும்.

இழுவையும் பிரேக்கும்

பெரிய டயரால் வரும் உண்மையான இழப்பு இங்கேதான். எஞ்சின் தரும் முறுக்குவிசை மாறுவதில்லை. ஆனால் அது தரையைத் தள்ளும் நெம்புகோல் நீண்டுவிடுகிறது. டயர் 7 விழுக்காடு உயர்ந்தால் தரையில் கிடைக்கும் இழுவை ஏறக்குறைய 7 விழுக்காடு குறையும். ஒன்றரை லிட்டர் எஞ்சின் கொண்ட ஜிம்னியில் 235/75 டயர் 5.8 விழுக்காடு உயரம் கூட்டும். கேமரன் மலை ஏற்றத்தில் அதை ஓட்டுகிறவர் கியரை அடிக்கடி இறக்கும்போது இந்த இழப்பை உணர்வார்.

பிரேக்குக்கும் இதே கணக்கு. பிரேக் வட்டு பழைய அளவு, டயரோ பெரிது. அதே அழுத்தத்தில் மிதித்தால் தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசை குறையும். இதோடு எடையும் சேர்கிறது. தடித்த அடுக்குகள் கொண்ட 'எல்டி' வகை டயர், அசல் டயரைவிட ஒன்றுக்கு ஏழெட்டு கிலோ கூடுதலாக இருப்பது சாதாரணம். அந்த எடை சக்கரத்தின் விளிம்பில் சுழல்வதால் அதைக் கிளப்பவும் நிறுத்தவும் கூடுதல் விசை வேண்டும். மலையிலிருந்து சுமையோடு இறங்கும் வண்டிக்கு இது சின்ன விஷயம் அல்ல.

ஐஸ்லாந்தில் பனிப்பாறைகளின் மேல் ஓடும் வாகனங்களுக்கு 38 அங்குலமும் அதற்கு மேலும் உயரமான டயர்களைப் பொருத்துகிறார்கள். அதைப் பார்த்து வியக்கிறவர்கள் மறந்துவிடும் ஒன்று உண்டு. அங்கே அகலமான ரிம், மாற்றிய டிஃபரென்ஷியல் பல்சக்கரம், வெட்டி விரித்த மட்கார்ட் என்று முழு வண்டியையும் டயருக்கேற்பத் திருத்துகிறார்கள்.

காற்றழுத்தத்தில் கவனம்

புதிய டயர், பழைய அழுத்தம் என்று விட்டுவிடக் கூடாது. ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அழுத்த அளவு அசல் டயருக்கானது. எல்டி டயர் அதே சுமையைத் தாங்க பொதுவாக அதைவிட அதிக அழுத்தம் கேட்கும். டயர் தயாரிப்பாளரின் சுமை அட்டவணையைப் பார்த்து நிர்ணயிக்க வேண்டும்.

அழுத்தம் குறைந்தால் பக்கச் சுவர் அதிகம் வளையும், வெப்பம் ஏறும், அடுக்குகள் பிரியும். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. மேற்பட்டை பிரிந்து வாகனங்கள் கவிழ்ந்த அந்த விவகாரத்தில், டயரின் குறையோடு காற்றழுத்தமும் வெப்பமும் விவாதத்துக்கு வந்தன. அதற்குப் பிறகே அங்கு புதிய வாகனங்களில் அழுத்த எச்சரிக்கைக் கருவி கட்டாயமாக்கப்பட்டது. சேற்றில் பிடிப்புக்காகக் காற்றைக் குறைக்கிறவர்கள் தார்ச் சாலைக்கு ஏறும் முன் மீண்டும் நிரப்ப வேண்டும். கையடக்கக் காற்றுப் பம்பு இல்லாமல் காட்டுக்குள் போகக் கூடாது.

ஐந்தாவது டயர்

நான்கு டயரை வாங்கிவிட்டு மாற்று டயரை மறந்துவிடுகிறவர்கள் பலர். பெரிய டயர்களோடு ஒரு சிறிய டயர் சுழன்றால் டிஃபரென்ஷியல் ஓயாமல் வேலை செய்யும். அந்த நிலையில் கடினத் தரையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் கியர் பாகங்கள் முறுக்கிக்கொள்ளும். ஏபிஎஸ் கருவியும் சக்கரங்களின் சுழற்சியை ஒப்பிட்டே இயங்குவதால் குழம்ப வாய்ப்புண்டு. ஆகவே செலவைக் கணக்கிடும்போது ஐந்து டயராகக் கணக்கிட வேண்டும். புதிய டயர் மாற்று டயருக்குரிய இடத்தில் அடங்குமா என்பதையும் முன்கூட்டியே அளக்க வேண்டும்.

மலிவாகக் கிடைக்கும் பழைய டயர்களை வாங்குவோர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பார்ப்பது அவசியம். 3523 என்றிருந்தால் அது 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பற்கள் ஆழமாக இருந்தாலும் ரப்பர் வயதானால் இறுகிவிடும்.

சட்டமும் காப்புறுதியும்

மலேசியாவில் வாகன மாற்றங்கள் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்துக்கும் அதைச் சார்ந்த விதிகளுக்கும் உட்பட்டவை. டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்பதும் சஸ்பென்ஷனை உயர்த்துவதும் அதிகாரிகளின் பார்வையில் படும் மாற்றங்கள். சந்தேகம் இருந்தால் பணம் கட்டும் முன் ஜேபிஜேயிடம் கேட்டுத் தெளிவது நல்லது. காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்கும் நேரத்தில், அறிவிக்காத மாற்றம் ஒன்று குடும்பத்தின் மேல் பெரிய சுமையை இறக்கிவிடக்கூடும்.

எது போதும்?

தினமும் வேலைக்கும் பள்ளிக்கும் ஓடி, எப்போதாவது மண் சாலையைப் பார்க்கும் வண்டிக்கு அசல் அளவிலேயே நல்ல ஏடி வகை டயர் போதும். சேற்றில் பிடிப்பைத் தருவது உயரத்தைவிடப் பற்களின் அமைப்பும் சரியான காற்றழுத்தமும்தான். தோட்டப் பாதையிலும் லோரித் தடத்திலும் அடிக்கடி ஓடுகிறவர்கள் ஒரு படி உயரலாம். ஹைலக்ஸுக்கு 265/70, ஜிம்னிக்கு 215/75 போன்றவை அசல் ரிம்மில் பொருந்தக்கூடிய அளவுகள். அதற்கு மேல் போக நினைப்பவர் ரிம், பிரேக், பல்சக்கரம், சஸ்பென்ஷன் ஆகியவற்றுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும். ஒதுக்க முடியாவிட்டால் அந்த எண்ணத்தைத் தள்ளிப்போடுவதே மேல்.

அசல் ரிம்மைக் குறைவாக நினைக்கத் தேவையில்லை. வண்டியின் முழுச் சுமையையும் தாங்கும்படி அதே வண்டிக்கென்று அளந்து செய்யப்பட்டது அது. ஆகவே டயர் கடைக்குள் நுழையும் முன் அந்த ரிம்மின் அகலத்தையும் கதவோரத்து அட்டையிலுள்ள எண்களையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போக வேண்டும். பேரம் பேசுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.