புல்வெளியின் விலை
அமெரிக்கக் குடியேற்ற நாவல்கள் - ஓர் அறிமுகம்

ஒரு நாட்டின் குடியேற்ற வரலாற்றை அரசு ஆவணங்கள் ஏக்கர்க் கணக்கில் எழுதுகின்றன. அந்த நிலத்தில் உழைத்தவர் யார், இழந்தவர் யார் என்பதை இலக்கியத்தின் வழியே அறிகிறோம். அமெரிக்காவின் மேற்குப் புல்வெளிகளில் குடியேறியோரைப் பற்றிய நாவல்கள் இவ்வகையில் நம் கவனத்துக்கு உரியன.

நிலச் சட்டம்

1862ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் ‘ஹோம்ஸ்டெட் சட்டத்தில்’ கையொப்பமிட்டார். குடிமக்களும், குடியுரிமை பெற விழைவதாக அறிவித்த அயல்நாட்டவரும் சிறு கட்டணம் செலுத்தி 160 ஏக்கர் வரை அரசு நிலத்தைப் பதிவு செய்துகொள்ள இச்சட்டம் வழிவகுத்தது. ஐந்தாண்டுகள் அங்குத் தங்கி, வீடு கட்டிப் பயிர் செய்தால் நிலம் அவர்களுக்கே உரியதாகும். ஏறத்தாழ 16 லட்சம் பேர் இவ்வாறு உரிமை பெற்றனர். அவர்கள் பெற்ற நிலம் சுமார் 27 கோடி ஏக்கர். அந்நாட்டுப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு எனலாம்.

ஆயினும், சட்டம் நிலத்தைத் தந்ததேயன்றி வாழ்வைத் தரவில்லை. மரங்கள் அரிதான அச்சமவெளியில் புல்வேரோடு மண்ணைப் பாளம் பாளமாக வெட்டியடுக்கி வீடு கட்டினர். பனிப்புயலும் வறட்சியும் வெட்டுக்கிளிக் கூட்டமும் அவர்களை வாட்டின.

இரு நாவலாசிரியர்கள்

வில்லா கேதர் 1883இல், தம் ஒன்பதாம் வயதில், வர்ஜீனியாவிலிருந்து நெப்ராஸ்காவுக்குக் குடிபெயர்ந்தவர். ‘ஓ பயனியர்ஸ்!’ (1913) நாவலின் தலைவி அலெக்சாண்ட்ரா, சுவீடன் நாட்டுக் குடும்பத்தின் மகள். தம்பியர் நிலத்தை விட்டு வெளியேற விரும்பியபோதும் அவள் மண்ணை நம்பி நின்று வெல்கிறாள். ‘மை அன்டோனியா’ (1918) நாவலிலோ, பொஹீமியாவிலிருந்து வந்த தந்தை முதற்குளிர்காலத்தையே தாங்கமாட்டாது தம் உயிரை மாய்த்துக்கொள்கிறார். மகள் அன்டோனியா ஏர் பிடித்து உழுகிறாள். வெற்றியையும் வீழ்ச்சியையும் ஒருங்கே காட்டுவது கேதரின் சிறப்பாகும்.

ஓலே ரோல்வாக் 1896இல் நார்வேயிலிருந்து வந்தவர். அவர் தாய்மொழியில் எழுதிய நாவல், ‘ஜயன்ட்ஸ் இன் தி எர்த்’ என்னும் பெயரில் 1927இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. டகோட்டாச் சமவெளியில் கணவன் பேர் ஹான்சா தன் எதிர்கால அரசையே காண்கிறான். மனைவி பேரெட்டோ, மறைந்துகொள்ள ஒரு மரமும் இல்லாத வெறுமையைக் கண்டு அஞ்சுகிறாள். அச்சம் முற்றி அவள் மனம் பேதலிக்கிறது. நோயுற்ற நண்பனுக்காகச் சமய குருவை அழைத்துவரப் பனிப்புயலில் புறப்பட்ட பேர் ஹான்சா திரும்பவில்லை. வசந்தத்தில் வைக்கோற்போரில் சாய்ந்த நிலையில் கிடைக்கும் அவன் உடலின் கண்கள் மேற்கு நோக்கியிருக்கின்றன. குடியேறியோர் கொடுத்த விலையை இதனினும் கூர்மையாக உணர்த்துதல் அரிது.

மறைக்கப்பட்ட மக்கள்

எனினும், அந்நிலம் ஆளில்லா நிலமன்று. லாரா இங்கல்ஸ் வைல்டரின் ‘லிட்டில் ஹவுஸ் ஆன் தி பிரேரி’ (1935) சிறுவர் நாவலில் வரும் குடும்பம், கான்சாஸில் ஓசேஜ் பழங்குடியினரின் மண்ணிலேயே வீடு கட்டுகிறது. அங்கு ‘மக்கள்’ எவரும் இல்லை, செவ்விந்தியர் மட்டுமே இருந்தனர் என்னும் பொருளில் அந்நூலில் ஒரு தொடர் இருந்தது. ஒரு வாசகர் சுட்டிக்காட்டிய பின்னரே, 1953ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘மக்கள்’ என்பது ‘குடியேறியோர்’ என மாற்றப்பட்டது. ஒரு சொல்லில் ஓர் இனமே மனித இனத்திலிருந்து விலக்கப்பட்டிருந்ததை இங்கு நாம் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

1887இல் 13.8 கோடி ஏக்கராக இருந்த பழங்குடியினர் நிலம் 1934இல் சுமார் 4.8 கோடி ஏக்கராகச் சுருங்கியது. இவ்விழப்பை இழந்தோர் பக்கம் நின்று கூறும் நாவல்களுள் ஒன்று, ஒஜிப்வே மரபில் வந்த லூயிஸ் எர்ட்ரிக்கின் ‘டிராக்ஸ்’ (1988). வரியும் மரவணிகமும் ஒரு குலத்தின் காட்டை விழுங்குவதை அது சித்திரிக்கிறது.

நம்மவர் சுவடு

அச்சமவெளிக்கு வந்தோர் ஐரோப்பியர் மட்டுமல்லர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரியா, லெபனான் பகுதி முஸ்லிம்கள் வடக்கு டகோட்டாவின் ராஸ் என்னும் சிற்றூரை ஒட்டி இச்சட்டத்தின்கீழ் நிலம் பெற்றனர். இல்லங்களில் கூடித் தொழுதுவந்த அவர்கள் 1929இல் ஒரு பள்ளிவாசல் எழுப்பினர். அமெரிக்காவில் பள்ளிவாசலாகவே கட்டப்பெற்ற முதற்கட்டடங்களுள் அது ஒன்று. பழைய கட்டடம் 1970களில் இடிக்கப்பட்டது. 2005இல் அவ்விடத்தில் சிறியதொரு பள்ளிவாசல் எழுந்தது. மேற்கண்ட நாவல்களில் இவர்கள் இடம்பெறவில்லை. இவர்கள் உழுததும் முன்னர்ப் பழங்குடியினர் வாழ்ந்த மண்ணே என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது.

நிறைவாக

பிறர் நிலத்தில் ஒரு சாண் அளவையும் அநியாயமாகக் கவர்தல் பெரும் பாவம் என்னும் நபிமொழியின் கருத்தை அறிந்தவர் நாம். அதே வேளையில், உழைப்பின் அருமையையும் போற்றுபவர் நாம். ஆகவே கேதரையும் ரோல்வாக்கையும் படிக்கும் மாணவர், எர்ட்ரிக்கையும் உடன்வைத்துப் படித்தல் வேண்டும். உழைத்தவர் சிந்திய வியர்வையும் இழந்தவர் சிந்திய கண்ணீரும் ஒரே மண்ணில் கலந்துள்ளன. இரண்டையும் காண்பதே நேர்மையான வாசிப்பாகும்.