கதவைத் தட்டுவது யார் கடமை?

மும்பை அந்தேரி பகுதியில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு 2017 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவிலிருந்து ஒருவர் தன் தாயைப் பார்க்க வந்தார். பலமுறை அழைத்தும் கதவு திறக்கப்படவில்லை. பூட்டைத் திறக்கச் செய்து உள்ளே சென்றவர் கண்டது, 63 வயதான தாயின் எலும்புக்கூட்டை. தாயுடன் கடைசியாகத் தொலைபேசியில் பேசியது 2016 ஏப்ரலில் என்று அவர் காவல் துறையிடம் தெரிவித்தார்.

நாடே அந்த மகனைக் கண்டித்தது. அதில் நியாயம் உண்டு. ஆனால், அந்தத் தாய் வாழ்ந்தது காட்டில் அல்ல. குடும்பங்கள் நிறைந்த கட்டடத்தில். ஒருவர் வெளியே வருவதே நின்றுபோனதை இத்தனை பேரில் எவரும் ஏன் விசாரிக்கவில்லை என்ற கேள்வி அந்தக் கண்டனத்தின் இரைச்சலில் அமுங்கிப்போனது.

இது பெருநகரத்து நோய், நம் ஊரில் நடக்காது என்று அறந்தாங்கியில் அமர்ந்துகொண்டு சொல்வது எளிது. ஆனால், அறந்தாங்கியிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் பிள்ளைகள் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளில் இருக்க, பெற்றோரில் ஒருவர் மட்டும் எஞ்சியிருக்கும் வீடுகளுக்குக் குறைவில்லை. 2021-இல் தமிழக மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தோர் 13.6 சதவீதம்; 2031-இல் இது 18.2 சதவீதமாகும் என்பது அரசின் கணிப்பு. கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான்.

இத்தகைய மரணத்துக்குச் சட்டப்படி யார் பொறுப்பு? பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. அறந்தாங்கி போன்ற வருவாய்க் கோட்டங்களில் இதற்கான தீர்ப்பாயத்துக்குக் கோட்டாட்சியரே தலைவர். பராமரிக்க வேண்டிய முதியவரை முற்றிலுமாகக் கைவிடும் நோக்கத்துடன் விட்டுச் செல்பவருக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆனால், மாதந்தோறும் பணம் அனுப்பும் மகன் இந்தப் பிரிவில் அகப்பட மாட்டார். பிள்ளையில்லாத முதியவருக்கு, அவரது சொத்தை அனுபவிக்கும் அல்லது அடையவிருக்கும் உறவினர் பொறுப்பாளி. பிள்ளையும் இல்லை, சொத்தும் இல்லை என்றால், அரசின் ஆதரவு ஒன்றே எஞ்சுகிறது.

அண்டை வீட்டாருக்குச் சட்டப் பொறுப்பு உண்டா? கிராமங்களில் ஓரளவு உண்டு. திடீர் மரணம், சந்தேக மரணம் குறித்து அறிந்த தகவலைக் கிராமப் பணியில் உள்ள அலுவலர்களும், அங்கு வசிக்கும் ஒவ்வொருவரும் உடனே தெரிவிக்க வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு கூறியது. இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அது தொடர்கிறது. ஆனால், 'அறிந்த தகவல்' என்பதே அதன் எல்லை. அறிந்ததை மறைத்தவரைச் சட்டம் கேட்கும். அறிய முயலாதவரைக் கேட்காது. கவனிக்கப்படாத மரணம் நிகழ்வது இந்த இடைவெளியில்தான்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகளின்படி, ஒவ்வொரு காவல் நிலையமும் தன் எல்லைக்குள் வாழும் முதியோரின், குறிப்பாகத் தனித்து வாழ்வோரின் பட்டியலைப் பராமரிக்க வேண்டும். இயன்றவரை ஒரு சமூகப் பணியாளருடன் காவலர் ஒருவர் மாதம் ஒருமுறையாவது அவர்களைச் சந்திக்க வேண்டும். தேடிச் சென்று பார்ப்பதையே கடமையாக்கிய விதி இது. உங்கள் வீட்டருகே தனித்து வாழும் முதியவரைக் கடந்த மாதம் காவலர் யாராவது வந்து பார்த்தாரா என்று விசாரித்தால், விதி எந்த அளவில் நடைமுறையில் உள்ளது என்பது தெரிந்துவிடும்.

முன்பு இத்தகைய விதி தேவைப்படவில்லை. பணவிடைப் பணத்துடன் தபால்காரர் வந்தார். பால்காரர் காலையும் மாலையும் குரல் கொடுத்தார். தெருக்குழாயில் குடம் வைக்க ஒருவர் வரவில்லை என்றால் மற்றவர் கேட்டனர். எவரும் கண்காணிக்கவில்லை, ஆயினும் எல்லோர் கண்ணிலும் பட்டார்கள். இன்று ஓய்வூதியம் வங்கிக் கணக்கில் விழுகிறது. மின்கட்டணத்தை மகன் வெளிநாட்டிலிருந்தே கைப்பேசியில் செலுத்திவிடுகிறார். இவை நல்ல வசதிகள்தாம். ஆனால், ஒவ்வொரு வசதியும் வாசலுக்கு வந்த ஒரு மனிதரைக் குறைத்திருக்கிறது.

லண்டனின் வுட் கிரீன் பகுதியில் 2006 ஜனவரியில் ஒரு பெண்ணின் உடல் கண்டெடுக்கப்பட்டபோது, அவர் இறந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. தொலைக்காட்சி அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. வாடகை பாக்கிக்காக வந்தவர்களே அவரைக் கண்டனர். அவர் இறந்தது 38 வயதில். தனிமைக்கு முதுமை கட்டாயமில்லை. ஜப்பானில் 2024-இன் முதல் ஆறு மாதங்களில் மட்டும் 37,227 பேர் வீட்டில் தனியாக இறந்துகிடந்தனர். அவர்களில் ஏறத்தாழ 4,000 பேர் ஒரு மாதத்துக்குப் பிறகே கண்டறியப்பட்டனர் என்கிறது அந்நாட்டுக் காவல் துறை. அங்கு தனிமைக்கென அமைச்சர் 2021-இல் நியமிக்கப்பட்டார்.

நமக்குப் புதிய துறை தேவையில்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்கள் மாத்திரைகளுடன் வீடு தேடி வருகின்றனர். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியோர் வீடுகளுக்கு ரேஷன் பொருள்கள் செல்கின்றன. இப்படி வருவோர் ஒரு வீடு திறக்கப்படாவிட்டால், அதை அன்றே காவல் நிலையத்துக்கும் வார்டு உறுப்பினருக்கும் தெரிவிக்க வேண்டும் என்று ஆணையிட்டால் போதும். தற்போது ஓய்வூதியர்கள் ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்றிதழ் தர வேண்டியிருக்கிறது. இறந்தவருக்குப் பணம் போய்விடக் கூடாது என்பதில் உள்ள அக்கறை, இருப்பவர் நலமாக இருக்கிறாரா என்பதிலும் வேண்டும்.

தனிமையைத் தாமே விரும்பி ஏற்றவர்களும் உண்டு. அவர்கள் வாழ்வில் குறுக்கிட நமக்கு உரிமையில்லை. அவர்களிடமும் "அவசரம் என்றால் யாரிடம் சொல்ல வேண்டும்?" என்று கேட்டு வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், அழைப்பு எடுக்கப்படாவிட்டால் அன்றே நேரில் சென்று பார்க்க உள்ளூரில் ஒருவரை ஏற்பாடு செய்து, மாற்றுச் சாவியையும் அவரிடம் கொடுத்து வைக்கலாம். உதவி தேவைப்படும் முதியோருக்காக 14567 என்ற கட்டணமில்லா எண்ணும் உள்ளது.

எல்லோருக்கும் பொதுவான பொறுப்பு இறுதியில் எவருக்கும் உரியதாக இருப்பதில்லை. எனவே, இறந்த பிறகு யாரைக் குற்றம் சொல்வது என்று தேடுவதைவிட, தனித்து வாழும் ஒவ்வொருவருக்கும் கதவைத் தட்ட வேண்டிய ஒருவர் இன்னார் என்று இப்போதே முடிவு செய்வது மேல். காவல் நிலையப் பட்டியலில் அவரது பெயர் இல்லையெனில், நம் தெருவில் அந்தப் பெயர் நம்முடையதாக இருக்கட்டும்.