கோழியில்லாத கராகே

திருகோணமலையில் மீனுக்குப் பஞ்சமில்லை. கொட்பே துறைமுகத்தில் விடியும்போதே சூரையும் பாரையும் கரையேறிவிடும். அதே ஊரில் வெள்ளிக்கிழமை பிறந்தால் பல வீடுகளில் அடுப்பில் மச்சம் ஏறாது. கந்தசஷ்டி ஆறு நாளும், கோணேசர் கோயில் திருவிழாக் காலமும் அப்படித்தான். அந்த நாட்களில் இறைச்சி தின்ற திருப்தியைப் பல்லுக்குக் கொடுக்கும் கறி ஒன்று இலங்கையில் உண்டு. சிங்களச் சமையலில் பிறந்து எல்லோர் வீட்டுக்கும் வந்துவிட்ட பலாப்பிஞ்சுக் கறி, அதாவது பொலஸ்.

இன்று உலகின் பல நகரங்களில் இந்தப் பிஞ்சு வேறொரு வேடம் கட்டுகிறது. ஜப்பானியரின் பொரித்த கோழிக்குக் கராகே என்று பெயர். சோயா சோஸ், இஞ்சி, உள்ளியில் ஊறவைத்த துண்டுகளை உருளைக்கிழங்கு மாவில் புரட்டிப் பொரிப்பார்கள். கியூஷு தீவின் நகாட்சு நகரம் இதற்குப் பேர்போனது. கோழியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பலாப்பிஞ்சை வைத்தால், கண்ணை மூடிக்கொண்டு கடிப்பவர் கொஞ்சம் தடுமாறித்தான் போவார். ஒரு காய்க்கு இந்தத் திறமை எங்கிருந்து வந்தது?

விடை பூவில் இருக்கிறது. நாம் ஒரே பழமென்று வெட்டுகிற பலா, பல நூறு பெண்பூக்கள் ஒரு நடுத்தண்டைச் சுற்றி நெருங்கி ஒட்டி வளர்ந்த கூட்டுக்கனி. தோலில் உள்ள ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் நுனி. முள்ளை எண்ணினால் பூவை எண்ணியதாகும். மகரந்தம் சேர்ந்த பூ சதை வைத்துச் சுளையாகிறது; சேராத பூ, சுளைகளுக்கு நடுவே நாராகக் கிடக்கிறது. பிஞ்சிலோ இந்தப் பிரிவினை இன்னும் முற்றவில்லை. சுளையாகப் போவதும் நாராகப் போவதும் கிட்டத்தட்ட ஒரே தடிப்பில், நடுத்தண்டிலிருந்து தோலை நோக்கி வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி ஓடுகின்றன.

கோழித் தசையும் ஒரே திசையில் ஓடும் இழைக் கட்டுதான். இழையின் போக்கில் இழுத்தால் பிரியும், குறுக்கே கடித்தால் தடுக்கும். பல்லுக்குப் புரதம் தெரியாது, இழைதான் தெரியும். கோழியில் அந்த இழை புரதம், பலாவில் செல்லுலோஸ். வாய் இரண்டையும் ஒரே கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறது. காய் முற்றிப் பழுக்கும்போதுதான் மாச்சத்து சர்க்கரையாக மாறி, வாசனையும் எழும்பும். பிஞ்சில் இனிப்பும் இல்லை, மணமும் இல்லை. போட்ட சுவையைப் போட்டபடி ஏற்றுக்கொள்ளும்.

இந்த இழையைக் காப்பாற்றுவதில்தான் சமையலின் சூட்சுமம். முதலில் கத்தியிலும் கையிலும் தேங்காயெண்ணெய் பூச வேண்டும். பலாப்பாலின் பிசின் தண்ணீரில் கரையாது, எண்ணெய்க்குத்தான் விட்டுக்கொடுக்கும். வெட்டிய துண்டு காற்றுப் பட்டதும் நொதியின் வேலையால் கறுக்கத் தொடங்கும் என்பதால், உப்பும் தேசிக்காய்ப் புளியும் கலந்த நீரில் உடனே போடுகிறார்கள். கராகேக்கு வெட்டும்போது நடுத்தண்டை எறிந்துவிடக் கூடாது. ஒவ்வொரு துண்டிலும் தண்டின் ஒரு விளிம்பு இருந்தால் இழைகள் அதில் பிடித்துக்கொண்டு நிற்கும். இல்லையென்றால் எண்ணெயில் உதிர்ந்துவிடும்.

அடுத்தது அவியல். தாவர உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்ற பசை. வெப்பம் அதைக் கரைக்கக் கரைக்க, இழைகள் நெகிழும். முழுக்கக் கரைந்தால் களியாகிவிடும். புளிப்பு இந்தக் கரைதலைத் தாமதப்படுத்துகிறது. பொலஸ் கறியில் கொறுக்காய்ப்புளி போட்டு, தேங்காய்ப்பாலில் மணிக்கணக்காக மெல்லிய நெருப்பில் விட்டும் துண்டு துண்டாகவே நிற்பதற்கு இதுவே காரணம். சுவைக்காகப் போடுவதாக நாம் நினைக்கும் புளி, வடிவத்துக்கும் காவல் நிற்கிறது.

தேங்காய்ப்பாலும் வெறும் மணத்துக்காக அல்ல. கோழித் தொடையில் கொழுப்பு இருக்கிறது, தோலில் இன்னும் அதிகம். பலாப்பிஞ்சில் கொழுப்பு அறவே இல்லை என்று சொல்லிவிடலாம். வெறும் தண்ணீரில் அவித்துப் பொரித்தால் உள்ளே வறண்ட நார்தான் மிஞ்சும். முதற்பாலில் கொஞ்ச நேரம் கொதிக்கவிட்டு, ஆறியதும் உள்ளங்கையில் வைத்து மெதுவாகப் பிழிந்தால், நீர் வெளியேறிக் கொழுப்பில் ஒரு பங்கு இழைகளுக்கிடையில் தங்கும். பிழிந்த துண்டு ஊறல் குழம்பைச் சட்டென்று குடித்துக்கொள்ளும்.

பொரிப்பில் நிகழ்பவை இரண்டு வேலைகள். ஒன்று, 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மயார் விவரித்த வினை: அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து பொன்னிறத்தையும் வறுத்த மணத்தையும் உண்டாக்குவது. கோழி தன் அமினோ அமிலத்தைத் தானே கொண்டுவரும். பலாப்பிஞ்சிடம் அது குறைவு. அந்தக் குறையைத் தீர்ப்பது சோயா சோஸ். சோயாவின் புரதத்தைப் பூஞ்சணம் உடைத்து அமினோ அமிலமாக்கிய திரவம் அது. மற்றது மொறுமொறுப்பு. மாவின் மாச்சத்து நீரில் வீங்கி, பிறகு எண்ணெய்ச் சூட்டில் அந்த நீரை இழந்து இறுகுகிறது. உருளைக்கிழங்கு மாவு கிடைக்காத ஊரில் சோளமாவும் அரிசிமாவும் சேர்த்துக்கொள்ளலாம். அவற்றில் கோதுமையின் குளூட்டன் இல்லாததால் மேலோடு தோலாக இழுபடாது. 160 பாகை செல்சியஸ் அளவில் ஒருமுறை பொரித்து, தாச்சியிலிருந்து எடுத்துச் சில நிமிடம் ஆறவிட்டால் உள்ளிருக்கும் ஈரம் மேலோட்டுக்கு வந்துவிடும். 180 பாகைக்கு மேல் மறுபடி போட்டு அந்த ஈரத்தையும் விரட்ட வேண்டும்.

 

ஆக, இறைச்சித்தன்மை என்பது இழை, கொழுப்பு, வறுத்த மணம் ஆகிய மூன்றின் கூட்டு. பலாப்பிஞ்சு முதலாவதை மட்டும் பிறப்பிலேயே கொண்டுவருகிறது; மற்ற இரண்டும் சமையற்காரரின் கைவேலை. நாலாவதான புரதத்தை எந்தக் கைவேலையாலும் பிஞ்சுக்குள் ஏற்ற முடியாது. 100 கிராம் கோழியிறைச்சியில் 20 கிராமுக்கு மேல் புரதம். பலாப்பிஞ்சில் இரண்டு மூன்று கிராம்தான். பலா தன் புரதத்தைப் பெரும்பாலும் கொட்டையில் சேர்க்கிறது. கொட்டை திரளும் நாளில் சுளை தடித்து, இழை பிரிந்து, கோழியின் சாயல் போய்விடும். இறைச்சிபோல் இருக்கும் வயதில் சத்து இல்லை, சத்து வரும் வயதில் இறைச்சிபோல் இல்லை. ஆகவே பலாக் கராகே வைக்கும் தட்டில் பருப்புக்கறியோ கடலையோ பக்கத்தில் இருக்கட்டும். முற்றிய காய் கிடைக்கும் காலத்தில் பலாக்கொட்டைக் கறியும் ஆகும்.